அமுக்கியது மரியபுஷ்பம்

போன மாதம் நாகர்கோவிலில் ஸ்டுடியோ நடத்தும் பிள்ளைகள் ஒரு கூட்டம் போட்டார்கள். தொழிலை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் என்னை மறக்காமல் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏதோ ஒரு கல்யாண வீட்டார் நெகட்டிவைக் கேட்டு வம்பு செய்தார்களாம். படம் எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று எல்லோருமாகத் தீர்மானம் போடவேண்டும் என்று பேச்சு. என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். "எடுத்தவருக்குத்தான் சொந்தம். ஆனால் எடுத்தவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும்" என்றேன். சிரித்தார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, கலர்ப்படம் கழுவப் படித்துவிட்டு வந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொன்னது எனக்கு வெளங்கல்ல. எழுதித் தாருங்க" என்றாள். அவளுக்காக எழுதுகிறேன்.

நான் படம் எடுக்க வந்தவள் இல்லை. மிஷன் பள்ளி போர்டிங்கில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தவள். பள்ளிக்கூடத்தில் குரூப் படம் எடுக்க வந்த தங்கையா மாஸ்டர், எங்கள் லேஸ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கை நடுங்காத ஒரு பிள்ளைய எனக்குத் தாருங்க" என்று போர்டிங் மேடத்திடம் கேட்டார். மேடம் என்னைக் காட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அது. முதல் இரண்டு வருஷம் பென்சில் வேலை. கண்ணாடி நெகட்டிவில் அம்மைத் தழும்புகளையும் நெற்றிச் சுருக்கங்களையும் கூர்மையான பென்சிலால் மறைக்கவேண்டும். பிறகு மருந்து கலக்க, பிளேட் கழுவ, இருட்டில் பிளேட்டைச் சட்டத்தில் ஏற்ற. ஊரிலுள்ள பாதி முகங்களை நேரில் பார்ப்பதற்கு முன்பே தலைகீழாகவும் கறுப்புவெள்ளை மாறியும் பார்த்துவிட்டேன்.

தங்கையா மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவர் காமிராவைத் தொடமாட்டார். காமிராவை அவர் "அது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவிய" என்பார், பெரியவர்களை அவர்கள் என்பதுபோல. "அவியள மூடி வையி பிள்ளே, தூசி படுது." "அவியளுக்கு இன்னைக்கி வெளிச்சம் பத்தல்ல." லென்ஸை மூன்று தடவை துடைப்பார். நான்காவது தடவை துடைத்தால் தேயும் என்பது அவர் கணக்கு. வந்தவரை உட்கார வைத்து, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கியைப் பொருத்தி, தாடையை இரண்டு விரலால் திருப்பி, "உங்க மொகத்த எங்கிட்ட விட்டுருங்க. நீங்க ஒண்ணும் செய்யப்படாது" என்பார். வாய் மூடியிருக்க வேண்டும். பல் தெரிந்தால் பிளேட் வீண். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். அந்தக் கையில்தான் ரப்பர் பந்து இருக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். சின்ன எலுமிச்சங்காய் அளவு ரப்பர் பந்து, அதிலிருந்து ஒரு நீளமான குழாய், குழாயின் மறுமுனை லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் ஷட்டரில். பந்தை அமுக்கினால் காற்றுப்போய் ஷட்டர் திறக்கும். விட்டால் மூடும். எப்போது அமுக்குகிறார் என்று வந்தவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் முதுகுக்குப் பின்னால் கை. அதை ஒரு வித்தை என்றே அவர் நினைத்திருந்தார்.

வடசேரி, கோட்டாறு பக்கத்து வெள்ளாள வீடுகளில் பெண்களைப் படம் எடுக்க ஆண்களை விடமாட்டார்கள். அதனால் மாஸ்டர் என்னை அனுப்ப ஆரம்பித்தார். வில்வண்டியில் காமிராவும் முக்காலியும் நானும் போவோம். அந்த வீடுகளில் என்னை முற்றம் வரைதான் விடுவார்கள். வெளிச்சமும் முற்றத்தில்தான் இருந்தது, ஆகவே எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று வடசேரியில் உமையம்மையின் வீடு. அவருடைய வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் வக்கீல். மனைவியின் படம் ஒன்று வேண்டும் என்று மூன்று கடிதம் போட்டிருந்தார். உமையம்மைக்கு முப்பது வயதிருக்கும், நல்ல களையான முகம். ஆனால் நான் பந்தை அமுக்குகிற அந்த நொடியில் கண் மூடிவிடும். முதல் நாள் இரண்டு பிளேட், இரண்டிலும் தூக்கம். மறுவாரம் போய் இரண்டு எடுத்தேன். ஒன்றில் தூக்கம், ஒன்றில் பாதித் தூக்கம்.

மூன்றாவது முறை போனபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் என்ன செய்யட்டும் பிள்ளே? நீ மூச்சப் பிடிக்கிய சத்தம் எனக்குக் கேக்குது. இப்பம் அமுக்கப்போறான்னு தெரியுது. கண்ணு தானா மூடுது."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. பந்தை அவர் பக்கம் நீட்டினேன். "அப்பம் நீங்களே அமுக்குங்கம்மா."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"அமுக்கணும், மனசுக்குள்ள ஒண்ணுன்னு சொல்லணும், விடணும். அவ்வளவுதான். மொதல்ல பிளேட் இல்லாம பழகிப் பாருங்க."

வெறுங்காமிராவில் பழகினோம். அமுக்கும்போது ஷட்டர் க்ளுக் என்று திறக்கும், விடும்போது இன்னொரு க்ளுக். பத்துத் தடவைக்குள் அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. பிறகு கேட்டார்: "நான் இருக்கியது இதுக்குள்ள எப்பிடித் தெரியும்?"

"வந்து பாருங்க. உங்க எடத்துல நான் இருக்கேன்."

"நீ அங்க இருந்தா இதுல என்ன தெரியும், எங்க பாக்கணும்னு எனக்கு ஆரு சொல்லித் தருவா?"

அவர் சொன்னது நியாயம். அவருடைய நாற்காலியில் ஒரு தலையணையைச் சாய்த்து வைத்துவிட்டு, நானும் அவரும் கறுப்புத் துணிக்குள் நுழைந்தோம். வீட்டில் வேறு யாராவது பார்த்திருந்தால் என்னைத் தொட்ட தீட்டுக்கு அவரைக் குளிக்கச் சொல்லியிருப்பார்கள். துணிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பது காமிராவின் ஒரு சௌகரியம். காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் முற்றம் முழுக்கத் தலைகீழாகத் தொங்கியது. உமையம்மை என் காதுக்குள் கத்தினார்: "எம்மா! தொளசி மாடம் விழப்போகுது!"

சிரித்துத் தீர்ந்தபிறகு, துளசி மாடம் வேண்டாம், கிணற்றடி தெரியவேண்டும் என்று அவரே முடிவு செய்தார். எதற்கு என்றேன். கல்யாணமாகி வந்த நாளில் அவருடைய வீட்டுக்காரர் முதன்முதலில் பேசியது அங்கே நின்றுதான் என்றார். நான் காமிராவைத் திருப்பினேன். அவர் உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். வேலையில்லாமல் ஒரு காமிராவுக்குப் பக்கத்தில் நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சங்கடமாக இருந்தது. அவர் கிணற்றைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், அமுக்கினார், விட்டார். "ஆச்சு" என்றார்.

படத்தில் இரண்டு கண்களும் முழுசாகத் திறந்திருந்தன. மாஸ்டர் சிவப்பு விளக்கடியில் பிளேட்டைத் தூக்கிப் பார்த்து, "கொள்ளாம். எப்பிடிப் பிடிச்ச?" என்று மெச்சினார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பந்த அவ கையில குடுத்தியா? நாளைக்கி அவியளையே தூக்கிக் குடுப்பியா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் பந்தை அவர் என் கையில் தரவில்லை. ஆனால் கண் மூடுகிறவர்களும் விறைத்துப்போகிறவர்களும் வந்தால், "ஞானம், நீ பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உள்ளே போனவர் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. முப்பதுகள் பிறந்துவிட்டன. எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை என்னைத் தவிர எல்லோருக்கும் இருந்தது. அப்போதுதான் மாஸ்டருக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. நாட்டில் என்னென்ன தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு ஆல்பம் தயாரிக்கிறார்களாம். மாஸ்டரின் பங்கு கடற்கரை. குறிப்பு ஒன்றும் கூட வந்திருந்தது. மீன் விற்கும் பெண், தலையில் கூடை, வெறுங்கால், முகம் நேரே, பின்னணியில் வேறு ஆட்கள் கூடாது. மாஸ்டர் அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தார். பெரிய மரியாதை என்று நினைத்தார்.

என்னை இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு அனுப்பினார். ஆறு பிளேட். கடற்கரையில் மூன்று பெண்களிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். "மரியபுஷ்பத்திட்ட கேளுங்க டீச்சரே. அவ செரின்னா எங்களுக்கும் செரி." என் வெள்ளைச் சேலையையும் குடையையும் பார்த்து டீச்சர் என்று முடிவு செய்திருந்தார்கள்.

மரியபுஷ்பம் என் வயதுக்காரி. ஆனால் என்னைவிட ஒரு சாண் உயரம். சாளை மீன் நிறைந்த கூடையை ஒரு கையால் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

"படம் எடுத்து என்ன செய்வியோ?"

"புஸ்தகத்துல வைப்பாங்க."

"எனக்க பேரு அதுல உண்டா?"

குறிப்புத் தாளில் பெயரைப்பற்றி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். அவள் குடிசைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் ஜெபமாலைக்கும் ஞானஸ்நானச் சீட்டுக்கும் அடியில் ஒரு தபால் அட்டை இருந்தது. அட்டையில் கூடை சுமந்த ஒரு பெண். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். அடியில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

"இது எங்கம்ம. எவனோ ஒரு தொர எடுத்துட்டுப் போயிருக்கான். அம்ம செத்து நாலு வருசம் கழிச்சு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்த விருந்தாளி கையில இது இருந்துது. கெஞ்சி வாங்கினேன். கீழ என்ன எழுதியிருக்குன்னு கான்வென்டு சிஸ்டர் படிச்சுச் சொன்னா. நீயும் படி."

"மீன்காரி, தென் திருவிதாங்கூர்" என்றேன்.

"எங்கம்மைக்கி பேரு இல்லியா?"

நானும் அதுவரை எத்தனையோ படங்களில் எங்கள் ஸ்டுடியோ முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தவள்தான். பையிலிருந்து மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்தேன். "உங்க அம்மைக்கி பேரு என்ன?"

"இன்னாசியம்மாள்."

அச்செழுத்துக்கு மேலே, கடலும் மணலும் சேரும் வெளுத்த இடத்தில், என்னால் முடிந்த அளவுக்கு அழகாக இன்னாசியம்மாள் என்று எழுதினேன். லேஸ் பின்னிய கை, எழுத்து நன்றாகவே வந்தது. மரியபுஷ்பம் அட்டையை வாங்கி மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "எனக்க பேரையும் இப்பிடிப் போடுவியா?"

"போடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பம் எடு. ஆனா எப்பிடி நிக்கணும்னு நான் சொல்லுவேன்."

முதல் நாள் அவள் திருநாளுக்கு உடுத்தும் பட்டுக்கரைச் சேலையில் வந்து நின்றாள். அந்தச் சேலையை அவளுடைய கூட்டுக்காரி ஒருத்திக்கு உடுத்தி நிறுத்திவிட்டு, காமிராவின் தேய்த்த கண்ணாடியில் மரியபுஷ்பத்தைப் பார்க்கச் சொன்னேன். துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, "இது ஆரோ கல்யாணத்துக்குப் போறவளாக்கும். மீனு வாங்க வருவாளே தவிர விக்க மாட்டா" என்றாள். அன்று பிளேட்டைத் தொடவேயில்லை.

மறுநாள் வேலைக்கு உடுத்தும் சேலையில் வந்தாள். கூடையை வைத்து, வாய் மூடி, நேரே பார்த்து நின்றாள். பந்தைக் கையில் கொடுத்தேன். அமுக்கப்போனவள் நிறுத்திவிட்டாள். "ஏட்டி ஞானம், நான் எப்பமாவது வாய மூடிட்டு மீனு வித்து நீ பாத்தியா? நான் கூவாம நிண்ணா அது நானா?"

டீச்சர் போய் ஏட்டி வந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் வாய் திறந்த படம் என்றதும் மாஸ்டரின் முகம் கண்முன் வந்தது. பின்னணியில் ஆட்கள் கூடாது என்ற தாளும் வந்தது. கரமடி வலை கரையேறி வியாபாரம் நடக்கும்போதுதான் கூவ முடியும் என்றாள் அவள். சும்மா நின்று கூவினால் கேலியாக இருக்குமாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. சரி என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஏற்பாடு செய்தோம். கூவும் இடத்தில் அவள் நின்று காட்டினாள். அவள் கால்விரல் இருந்த இடத்தில் ஒரு பாளை மட்டையை மணலில் கிடத்தினேன். அந்த மட்டையைத் தாண்டினால் முகம் கலங்கிப்போகும். இரண்டு குழாய்களைச் சேர்த்துக் கட்டி நீளமாக்கி, காமிராவிலிருந்து மட்டை வரை மணலுக்குள் புதைத்தேன். கடற்கரை வெயிலுக்கு ஷட்டர் திறந்ததும் மூடவேண்டும், அதற்குரிய ஊசியைச் செருகினேன். நீளக் குழாயாதலால் பலமாக அமுக்கவேண்டும். கூடை தூக்குகிற கைக்கு அது ஒன்றுமில்லை. பந்தை அவள் இடது கையில் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

முதல் பிளேட்டில் யாரோ குழாய்மேல் நின்றுவிட்டார்கள், ஷட்டர் பாதியில் சிக்கி வெளிச்சம் புகுந்துவிட்டது. இரண்டாவதில் அவளுடைய கூட்டுக்காரிகள் சிரித்தார்கள், இவளும் சிரித்து, தவறிப்போய் அமுக்கிவிட்டாள். மூன்றாவதில் ஒரு நாய் முக்காலிக்குள் புகுந்தது. நான்காவதில் அலை வந்தது. ஐந்தாவதில் அலை வரும் என்று நினைத்து நானே பயந்து காமிராவைப் பிடித்து ஆட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் கடற்கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். ஆனால் ஆறாவது பிளேட்டை ஏற்றும்போது குழாயை மட்டை வரை மறுபடி தடவிப் பார்த்தேன், அதுதான் கடைசிப் பிளேட்.

மடி ஏறியது. பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். மரியபுஷ்பம் மட்டையில் கால்விரலை வைத்துக் கூவ ஆரம்பித்தாள். நான் காமிராவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. இப்போது நல்ல நேரம். அமுக்கவில்லை. வாங்குகிறவர்கள் அவளைச் சுற்றி நெருங்கினார்கள், ஒருத்தி கூடைக்குள் கையை விட்டாள், இவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள், மறுபடி கூவினாள். அந்தச் சந்தடியில் ஷட்டர் சத்தம் கேட்காது; என்னை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கத்திக் கூப்பிடலாமா என்று வாய் வரை வந்தது. பந்து அவள் கையில். நான் கூப்பிட்டால் அது மறுபடி என் படமாகிவிடும். பேசாமல் நின்றேன்.

கூடை காலியானபிறகு அவள் நடந்து வந்தாள். "எப்பம் அமுக்கினேன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

நாகர்கோவில் போய்ச் சேரும்வரை வண்டியில் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டே போனேன். மாஸ்டரும் இருட்டறைக்குள் வந்தார். தட்டில் பிளேட்டை ஆட்ட ஆட்ட, முதலில் வானம் கறுத்தது. பிறகு கூடை. பிறகு அந்தத் திறந்த வாய். சுற்றிலும் நீளும் கைகள், ஒன்று பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் அவள் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து முழுத் தொண்டையோடு கூவிக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் நேராகக் காமிராவைப் பார்த்தன.

"பல்லு தெரியுது" என்றார் மாஸ்டர்.

அதன்பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. படத்தின் அடியில் மரியபுஷ்பம் என்று எழுதி அனுப்பவேண்டும் என்று சொன்னேன். ஆர்டரில் அப்படி இல்லையே என்றார். "பேரு இல்லாம அனுப்பினா நான் நாளைக்கி வேலைக்கி வரமாட்டேன் மாஸ்டர்" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வேறு வேலை எனக்குக் கிடையாது. மறுபடி போர்டிங்குக்குப் போய் லேஸ் பின்னவேண்டியதுதான். மாஸ்டர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "எழுது" என்றார்.

இரண்டு வாரத்தில் அச்சு திரும்பி வந்தது. குறிப்புப்படி இல்லை, பெயர் அவசியமில்லை, வேறு பெண்ணை வைத்து எடுத்து அனுப்பவும் என்று கடிதம். மாஸ்டர் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியைக் கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இவ என்னன்னு கூவுதா?"

"சாளையோ சாளை. இப்பம் துடிச்சது, இப்பம் துடிச்சதுன்னு."

"எனக்குக் கேக்குது பிள்ளே" என்றார். "இத்தன வருசமா நான் எடுத்த ஒரு படத்துலயும் ஒரு சத்தமும் கேட்டதில்ல. வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு அவனுக்கு எழுதிப்போடு."

அதோடு விடவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு படக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பத் தாளை வரவழைத்தார். அதில் "எடுத்தவர் பெயர்" என்று ஒரே ஒரு வரி. ஒரு நாள் காலையில் கோட்டு போட்டுக்கொண்டு என்னோடு வண்டியில் ஏறிவிட்டார். மரியபுஷ்பத்திடமே கேட்டு எழுதவேண்டுமாம். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதாம்.

கடற்கரையில் ஒரு கட்டுமரத்தின்மேல் தாளை வைத்து, "ஞானம்மாள், மரியபுஷ்பம்" என்று எழுதப்போனார். அவள் கேட்டாள்: "மொதல்ல ஆரு பேரு போடுதிய?"

"ஞானத்துக்க பேரு. அகர வரிசையாக்கும். ஞா முந்தி வரும், ம பொறகு வரும்."

"எல்லாத்துக்கும் முந்தி எந்த எழுத்து வரும்?"

"அ."

"எனக்க ஞானஸ்நானப் பேரு அந்தோணியம்மாள் மரியபுஷ்பம். வேணும்னா சாமியார்ட்ட போயி சீட்டப் பாத்துட்டு வாருங்க. அந்தோணியம்மாள்னே எழுதும்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார். அவருக்கு அவ்வளவு பல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் சொன்னபடியே எழுதினார்.

ஒரு பெயர்தான் அனுமதி என்று கண்காட்சிக்காரர்கள் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். மாஸ்டர் பதில் போட்டார். சட்டகம் பிடித்தவர் ஒருவர், நொடியைப் பிடித்தவர் இன்னொருவர், இதில் எவரை நீக்கினால் படம் மிஞ்சும் என்று தாங்களே தயவுசெய்து தெரிவித்தால் அவரை நீக்கிவிடுகிறேன் என்று. பதில் வரவில்லை. ஆனால் படத்தைத் தொங்கவிட்டார்கள். இரண்டு பெயரும் இருந்தன.

பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் பார்க்கப் போனோம். மரியபுஷ்பம் திருநாள் சேலைதான் உடுத்தியிருந்தாள். எங்கள் படம் ஒரு அருவிக்கும் ஒரு யானைக்கும் நடுவில் தொங்கியது. மரியபுஷ்பம் தன்னைப் பார்ப்பதற்கு முன் யானையைப் பார்த்தாள். "இதுக்கு என்ன எழுதியிருக்கு?" படித்துச் சொன்னேன். கோயில் யானை, அதன் பெயர், எந்தக் கோயில் என்று எல்லாம் இருந்தது. "ஆனைக்கி பேரு போட்டிருக்கானா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்காட்சியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தங்கக் கண்ணாடி போட்ட ஒருவர் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அருகே வந்தார். "இதில் இருப்பது நீங்களா? எடுத்தவர் யார்?"

"நான்" என்றோம் இரண்டு பேரும்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அருவிக்குக் கிடைத்தது. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஊருக்கு வந்ததும் மாஸ்டர் தலைதாங்கி இரும்பைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். வாசலில் ஒரு பலகை மாட்டினார். "உங்கள் படத்தை நீங்களே எடுக்கலாம். நாங்களும் கூட இருப்போம்." கருங்கல் ஊரிலிருந்து வந்த ஒரு வியாபாரி தும்மும்போது அமுக்கிவிட்டு, அந்தப் படம்தான் வேண்டும், வீட்டில் எல்லோரும் தன்னை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று வாங்கிப் போனார். தோவாளையில் பூ கட்டும் பெண்கள் ஒன்பது பேர் பந்து யார் கையில் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் பந்தைத் தரையில் வைத்து, ஒன்பது பேரும் ஒருத்தி கைமேல் இன்னொருத்தி கை வைத்து அமுக்கினார்கள். பந்து கிழிந்துவிட்டது, படம் நன்றாக வந்தது. அட்டைக்குப் பின்னால் ஒன்பது பெயரும் என் பெயரும் எழுதுவதற்கு எனக்கு இடம் போதவில்லை. மாஸ்டர் புது முத்திரை செய்து வந்தார். "எடுத்தவர்கள்" என்று பன்மையில் இருந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், கண்காட்சியிலிருந்து திரும்பிவந்த அச்சைக் கொடுக்க நான் மறுபடி கடற்கரைக்குப் போனேன். வேறொரு வீட்டில் வேலை இருந்ததால் காமிராவும் வண்டியில் இருந்தது. மரியபுஷ்பம் அச்சை வாங்கி, அம்மையின் அட்டையோடு பெட்டியில் வைத்தாள். பிறகு வண்டியை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஒரு பிளேட்டு உண்டா?"

"உண்டு."

"இறக்கு. இனி ஒனக்க மொறை."

நான் மாட்டேன் என்றேன். எத்தனையோ பேரை எடுத்தவள், ஒரு தடவையும் முன்னால் உட்கார்ந்ததில்லை. அவள் கேட்கவில்லை. கட்டுமரத்தின்மேல் என்னை உட்கார வைத்து, குடையைப் பிடுங்கித் தூர வைத்தாள். கறுப்புத் துணிக்குள் போனாள். வெளியே வந்தாள். "கைய எங்க கொண்டு ஒளிச்சு வச்சிருக்க?"

சேலைக்குள் வைத்திருந்தேன். மருந்தில் ஊறி ஊறி என் விரல்நுனியும் நகங்களும் கறுத்துப்போயிருந்தன. கோயிலில் கூட முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் ஜெபம் பண்ணுவேன்.

"எடு வெளிய. கூடை தூக்கித் தூக்கி எனக்க கழுத்தும்தான் தடிச்சுப்போச்சு. நான் அத ஒளிச்சேனா?"

கையை மடிமேல் வைத்தேன். பந்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "ஒனக்கு எப்பம் தோணுதோ அப்பம். நான் ஒண்ணும் பேசமாட்டேன்" என்று சொல்லித் தள்ளிப் போய், என்னைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த வேலைதான். ஆனால் கை வரவில்லை. காற்று, வெயில், வண்டிக்காரன் பீடிப்புகை, எல்லாம் தெரிந்தது. என் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. அதைப்பற்றி யோசிப்பதை விட்டதும் தானாக ஒரு சந்தோஷம் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அமுக்கினேன்.

படம் சற்றுச் சாய்ந்திருந்தது. மரியபுஷ்பம் முக்காலியை மணலில் சரியாக ஊன்றவில்லை. பாதிப் படம் வானம், நான் இடது ஓரத்தில், கறுத்த கைகள் மட்டும் நடுவில். வானத்தை வெட்டி, சாய்வைச் சரிசெய்து, எனக்காக ஒரு அச்சுப் போடலாம் என்று நினைத்து அவளிடம் கொண்டு காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "வெட்டப்படாது" என்றாள். "எங்கிட்ட கேக்காம நீ எப்பிடி வெட்டுவ? பாதி எனக்கதாக்கும்."

இன்றுவரை வெட்டவில்லை.